களகளக்கும் வடிகாலுக்கு ஆசிட் வேண்டாம்

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போதெல்லாம் எங்கள் குளியலறைத் தரையிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் வரும். பின்னாலேயே சாக்கடை வாடை. அடைப்புதான், ஆசிட் ஊற்றுங்கள் என்றார்கள் பலரும். அடைப்பென்றால் தண்ணீர் தேங்க வேண்டுமே? அது தடையின்றி வடிந்துகொண்டிருந்தது.

குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது, அதன் பின்னால் காற்று நுழைய வேண்டும். மொட்டைமாடிக்கு மேல் நீட்டியிருக்கும் காற்றுக்குழாய் அதற்காகத்தான். அது அடைபட்டால், அருகிலுள்ள நானி டிராப் (தரை வடிகாலுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அமைப்பு) வழியாகக் காற்று இழுக்கப்படும். வாடையைத் தடுக்க அங்கே 50 மில்லிமீட்டர் அளவுக்கு நிற்க வேண்டிய தண்ணீரும் உறிஞ்சப்பட்டுவிடும். கரப்பான்பூச்சிக்கும் வழி திறந்துவிடும்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். குழாயின் மூடி உடைந்து, வாய் நிறைய வேப்பஞ்சருகும் புறாக்கூட்டின் குச்சிகளும். உள்ளே தள்ளிவிடாமல் கம்பிக் கொக்கியால் பொறுமையாக வெளியே இழுத்தேன். மழைநீரும் பறவையும் புகாத, பக்கவாட்டில் துளையுள்ள பிவிசி மூடியை மாட்டினேன். டிராப்பில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். சத்தம் அன்றே நின்றது.

ஆசிட் இதற்கு எந்த வகையிலும் உதவாது. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு. புழங்காத குளியலறையில் டிராப் தண்ணீர் தானாகவே வற்றும். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதலில் அங்கே தண்ணீர் ஊற்றுங்கள்.