நியூயார்க்கில் கெல்டிக் மக்கள் வாழ்ந்தார்களா? ஊர்ப் பெயரை வைத்து வரலாறு தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

நியூயார்க் என்ற பெயரைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். 1664-இல் ஆங்கிலேயர்கள் நியூ ஆம்ஸ்டர்டாமை டச்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கியதும், தங்கள் யார்க் கோமகனின் நினைவாக வைத்த பெயர் அது. யார்க் வட இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பழைய நகரம். வைக்கிங்குகள் அதை யோர்விக் என்றார்கள். அவர்களுக்கு முன்பிருந்த ஆங்கிலோ-சாக்சன்கள் எயோஃபர்விக் என்றார்கள்; எயோஃபர் என்றால் காட்டுப்பன்றி. அதற்கும் முன்னால் ரோமானியர்கள் எழுதிவைத்தது எபோராகும். இதற்குள் இருப்பது, 'யூ' என்ற மரத்தைக் குறிக்கும் ஒரு கெல்டிக் சொல், அதாவது ரோமானியர்களுக்கு முன்பே ஐரோப்பாவின் பல பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்களின் மொழிச் சொல், என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

பன்றி எப்படி வந்தது? காதில் விழுந்த அந்நியச் சொல் புரியாமல், அதைத் தங்களுக்குத் தெரிந்த சொல்லாக்கிக்கொண்டார்கள் சாக்சன்கள். அவ்வளவுதான். சாக்சன் வடிவத்தோடு தேடலை நிறுத்தியவருக்குப் பன்றிதான் கிடைக்கும், மரம் கிடைக்காது. ரோமானியர் காலம் வரை போனவருக்கு மரம் கிடைக்கும். ஆனால் அவரும் அதை நம்பி நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரையில் கெல்டிக் குடியேற்றம் தேடினால் என்ன சொல்வது!

இந்த ஒரு பெயருக்குள்ளேயே பாதித் தவறுகள் அடங்கிவிட்டன. முதலாவது, இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்து முடிவு செய்வது. பழைய கெல்டிக் ஊர்ப் பெயர்களில் அடிக்கடி வரும் ஈறு 'டூனும்'. கோட்டை என்று பொருள். லுக்டூனும் லியோன் ஆனது, விரோடூனும் வெர்டன் ஆனது, கம்போடூனும் ஜெர்மனியின் கெம்ப்டன் ஆனது. சரி, அப்படியானால் இங்கிலாந்தின் ஸ்விண்டனும் ஒரு கெல்டிக் கோட்டையா? இல்லை. அது பழைய ஆங்கிலத்தில் 'பன்றிக் குன்று'. (மறுபடியும் பன்றி. இந்த முறை நிஜப் பன்றி.) மறுபக்கம் பெல்கிரேடைப் பாருங்கள். 'வெள்ளை நகரம்' என்ற பச்சை ஸ்லாவியப் பெயர். ஆனால் அங்கே ரோமானியர் காலத்தில் இருந்த ஊரின் பெயர் சிங்கிடூனும். இன்றைய வரைபடத்தை மட்டும் விரித்து வைத்திருப்பவருக்கு ஸ்விண்டன் அகப்படும், பெல்கிரேட் தப்பிவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது பழங்காலக் கிரேக்க அறிஞர் தாலமியின் புவியியல் நூல், ரோமானியச் சாலைப் பட்டியல்கள், கல்வெட்டுகள். வரைபடம் அப்புறம்.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுட்பமானது, படித்தவர்களும் விழும் குழி. இன்றும் பேசப்படும் கெல்டிக் மொழிகளில் ஒன்றான வேல்ஷின் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டுப் பழைய பெயருக்குப் பொருள் சொல்வது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் பழமையான உப்புச் சுரங்கம் இருக்கிறது. வேல்ஷில் உப்புக்கு 'ஹாலென்'. எனவே 'ஹால்' கெல்டிக் சொல் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வேல்ஷின் அந்த 'ஹ' முன்பு 'ஸ' ஆக இருந்தது. மாற்றம் நடந்தது பிற்காலத்தில், பிரிட்டன் பக்கத்தில். இன்னொரு கெல்டிக் மொழியான ஐரிஷில் இன்றும் உப்பு 'சலன்'தான். ஐரோப்பியக் கண்டத்தில் பேசப்பட்ட பழைய கெல்டிக் மொழியான காலிஷிலும் 'ஸ' அப்படியே இருந்தது: முதுமையைக் குறிக்கும் சொல் வேல்ஷில் 'ஹென்', காலிஷில் 'செனோஸ்'. ஆக, ஹால்ஸ்டாட் கெல்டிக் பெயராக இருந்தால் 'சால்' என்றல்லவா தொடங்க வேண்டும்? ஒலி மாற்றத்துக்குக் காலக்கணக்கு உண்டு, அதைக் கேட்காமல் தாண்டக் கூடாது.

ஓசை ஒற்றுமை நமக்கும் பழக்கமான வியாதி என்பதால் அதை அதிகம் நீட்டவில்லை. துருக்கியின் கலிப்போலி, 'கால்' எனப்பட்ட கெல்டிக் மக்களின் ஊர் அல்ல, கிரேக்கத்தில் 'அழகிய நகரம்'. போலந்து-உக்ரைன் பகுதியின் கலீசியா, ஹாலிச் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. கெல்டிக் மக்களோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்பெயினின் கலீசியாவோடு அதற்கு உறவில்லை.

இன்னொன்று, ஆசை. நெதர்லாந்தின் லைடன் நகரப் பல்கலைக்கழகம் லத்தீனில் தன்னை 'லுக்டுனோ-படாவா' என்றே அழைத்துக்கொண்டது. ரோமானிய நூல்களில் வரும், படாவியர்கள் என்ற பழைய இனத்தாரின் லுக்டூனும் தங்கள் ஊர்தான் என்ற நம்பிக்கை. உண்மையான இடம் கடலோரக் காட்வைக் அருகே என்று இன்று கருதுகிறார்கள். பழைய ஆவணங்களில் லைடனின் பெயர் லைதன்; அதில் டூனும் கிடையாது.

பெயர் கெல்டிக்காகவே இருந்தாலும் அதன் வயதைக் கேட்க வேண்டும். பிரான்ஸின் ஓடன் நகரம் முன்பு அகஸ்டோடூனும். முன்பாதி ரோமப் பேரரசரின் பெயர், பின்பாதி கெல்டிக். எடுயி என்ற கெல்டிக் இனத்தார் பிப்ராக்டே என்ற மலைக்கோட்டையை விட்டு அங்கே குடிபெயர்ந்தது அகஸ்டஸ் காலத்தில். ரோமானிய ஆட்சியில் பிறந்த இப்பெயரை ஆதிகாலக் குடியேற்றத்துக்குச் சான்றாக வைப்பது சரியல்ல.

கடைசியாக, வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் மக்களும் இல்லை என்று நினைப்பது. மத்திய துருக்கியில் கலாத்தியா என்ற நாடு இருந்தது, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து போன கெல்டிக் கூட்டங்கள் அங்கே தங்கின. அவர்கள் சபை கூடிய இடத்தின் பெயர் ட்ரூநெமெடோன் என்கிறார் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. 'நெமெடோன்' புனிதத் தோப்பைக் குறிக்கும் கெல்டிக் சொல். ஆனால் அங்கே பெரிய ஊரான அங்கிராவின், அதாவது இன்றைய அங்காராவின், பெயர் கெல்டிக் அல்ல. ஏற்கெனவே பெயருள்ள ஊரில் போய்க் குடியேறுபவர்கள் புதுப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் என்ன? ஊர்ப் பெயர்களை மட்டும் எண்ணினால் கலாத்தியாவில் கெல்டிக் மொழியின் தடம் மிகவும் மெல்லியதாகத்தான் தெரியும். ஆனால் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில்கூட, கலாத்தியர்களுக்குக் கிரேக்கத்தைத் தவிர சொந்த மொழி ஒன்று உண்டு, அது ஜெர்மனியின் ட்ரியர் பக்கத்தில் வாழ்ந்த ட்ரெவெரி என்ற கால் இனத்தாரின் பேச்சைப் போலவே இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார் கிறிஸ்தவ அறிஞரான புனித ஜெரோம்.