மனிகால் பக்கம் குடிவருகிறீர்களா?

அயர்லாந்தில் ராஸ்கிரேயிலோ நீனாவிலோ வேலை கிடைத்து, வாடகை வீடு தேடி இந்தப் பக்கம் வரும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

டப்ளின்–லிமரிக் எம்7 நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன ஊர் மனிகால். ஆஃபலி கவுண்டியின் ஓரம்; இரண்டு எட்டு வைத்தால் டிப்பரேரி. பெயரில் 'மனி' இருக்கிறதே என்று பணத்தைத் தேடாதீர்கள். ஐரிஷ் மொழியில் அதற்கு 'அந்நியர்களின் புதர்க்காடு' என்று பொருள். நமக்கு ஏற்ற பெயர்தான்!

ஊர் என்றால் ஒரே தெரு. 2010 டிசம்பரில் புறவழியாக எம்7 திறக்கும்வரை டப்ளின்–லிமரிக் வண்டிகள் எல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் ஓடின. திறந்ததும் தெரு வெறிச்சோடியது. ஐந்தே மாதத்தில், 2011 மே 23 அன்று, ஒபாமா வந்து இறங்கினார். அவருடைய தாய்வழி மூதாதை ஃபால்மத் கியர்னி இந்த ஊர்க்காரர், செருப்புத் தைப்பவரின் மகன். உருளைக்கிழங்குப் பஞ்சத்தை ஒட்டி 1850-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். ஒபாமா இங்கே பப்பில் கின்னஸ் குடித்துவிட்டுப் போனார். 2014-இல் நெடுஞ்சாலையோரம் 'பராக் ஒபாமா பிளாசா' வந்தது: பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடைகள், மாடியில் கண்காட்சி. சிரிப்பு வரும்தான், ஆனால் மழையில் வண்டியோட்டி வரும்போது சூடாக ஒரு டீ அங்கேதான்.

ஊர்க்காரரிடம் பேச்சை ஒபாமாவில் தொடங்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்கள். மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங் பற்றிக் கேளுங்கள். ஊர் இருப்பது ஆஃபலியில், ஊர் கிளப் ஆடுவது டிப்பரேரி போட்டிகளில். இதை நான் மாற்றிச் சொல்லப்போய் அரை மணி நேரம் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. அப்புறம்தான் என் பெயர் அவர்கள் மனதில் பதிந்தது.

சரி, வண்டி. அது இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது. இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். தியரி டெஸ்டிலிருந்து தொடங்க வேண்டும். வந்த வாரமே லைசென்ஸ் வேலையை ஆரம்பியுங்கள். கிராமத்து வீடுகள் பலவற்றுக்குக் கதவு எண் கிடையாது, வீட்டுக்கு வீடு தனித்தனியாக, எழுத்தும் எண்ணும் கலந்து ஏழு இடம் கொண்ட 'எயர்கோடு' என்ற அஞ்சல் குறியீடுதான். போனில் பதிந்து வையுங்கள்.

எதிரே வரும் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். யாரிவர் என்று குழம்ப வேண்டாம், அதுதான் இங்கே வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

பக்கத்து வீட்டில் சாவு என்றால், நம் ஊர் மாதிரியே, அழைப்புக்குக் காத்திருக்கக்கூடாது. வரிசையில் நின்று கைகுலுக்கி 'சாரி ஃபார் யுவர் ட்ரபிள்' என்றால் போதும். மரண அறிவிப்பில் 'ஹவுஸ் பிரைவேட்' என்று போட்டிருந்தால் மட்டும் வீட்டுக்குப் போகாமல் நேரே தேவாலயத்துக்குப் போய்விடுங்கள்.