நீண்ட தூரம் வீடு மாறும்போது வளர்ப்பு ஆமையைக் காரில் பத்திரமாகக் கொண்டுசெல்லும் முறை

அமெரிக்காவில் வேலை மாறி மாநிலம் விட்டு மாநிலம் குடிபோகும் நம்மவர் வீடுகளில், சாமான்களை ஏற்றுவதற்கு ஆள் பிடித்த பிறகுதான் பிள்ளைகள் ஆசைப்பட்டு வளர்க்கும் ஆமையின் நினைவு பலருக்கும் வருகிறது. நாயையும் பூனையையும் எப்படி அழைத்துச்செல்வது என்று சொல்லித்தர ஏராளமானோர் இருக்கிறார்கள். ஆமைக்கு அந்த முறைகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆமைக்குப் பயணத்தில் துணையோ வேடிக்கையோ வேண்டாம். இருட்டும், சீரான வெப்பமும், யாரும் தொடாத அமைதியும் போதும். இந்த மூன்றையும் இரண்டு நாள் எப்படிக் குலையாமல் காப்பது என்பதையே கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, டாலஸிலிருந்து சிகாகோவுக்கு, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், நடுவில் ஓர் இரவு தங்கி, காரில் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஆமை, அங்குள்ள வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் ரஷ்ய ஆமை. ஓட்டின் நீளம் 18 சென்டிமீட்டர். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே அதை இடம் மாற்ற இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம்; வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

படி 1: உங்கள் ஆமை எந்த இனம், அதற்கு என்ன சான்று வேண்டும் என்று பாருங்கள்

ரஷ்ய ஆமைக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சல்கேட்டா எனப்படும் ஆப்பிரிக்க ஆமையோ சிறுத்தை ஆமையோ வைத்திருந்தால் நிலைமை வேறு. கால்நடைகளைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பக்கூடிய உண்ணிகள் இவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வந்ததால், 2000ஆம் ஆண்டில் இவற்றின் இறக்குமதியை அமெரிக்க வேளாண் துறை தடைசெய்தது. அதே காரணத்தால், நாட்டுக்குள்ளேயே மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமானாலும், உண்ணி இல்லை என்று அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் பயணத்துக்கு முந்தைய 30 நாள்களுக்குள் கையெழுத்திட்ட சான்றிதழ் உடன் இருக்க வேண்டும். சல்கேட்டா வளர்ப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அரிசோனாவில் தத்தெடுத்த பாலைவன ஆமையாக இருந்தால், அதை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகவே அனுமதி இல்லை. உள்ளூரிலேயே வேறொருவருக்கு முறைப்படி மாற்றிக்கொடுக்க வேண்டும். எந்த இனமாக இருந்தாலும், குடிபோகும் மாநிலத்தின் வேளாண் துறையையும் வனவிலங்குத் துறையையும் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

விமானத்தில் அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். பெரிய விமான நிறுவனங்களில் பெரும்பாலானவை ஊர்வனவற்றைப் பயணிகள் பகுதியில் ஏற்றுவதில்லை. அஞ்சல் துறையும் ஆமைகளை ஏற்பதில்லை. கார்தான் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் வழி.

படி 2: இரண்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்

நாய்க்கும் பூனைக்கும் பார்க்கும் மருத்துவர் எல்லோருக்கும் ஆமை பழக்கம் இல்லை. ஊர்வனவற்றைப் பார்ப்பவரிடம் செல்லுங்கள். மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், ஒட்டிக்கொண்ட கண்கள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அது குணமாகும்வரை பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. கால்கள் உடலோடு சேரும் இடத்தில் உள்ள தசைகளை அசைத்தே மூச்சை இழுத்து விடுகிறது. சளியை இருமி வெளியேற்றவும் அதனால் முடியாது. இதனால் சாதாரணச் சளிகூட வழியில் நுரையீரல் அழற்சியாக மாறிவிடும். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் ஆமையை நிறுத்து, எடையைக் கிராமில் குறித்து வையுங்கள். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

படி 3: பெட்டியைத் தயார்செய்யுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். கண்ணாடித் தொட்டி வேண்டவே வேண்டாம். கனமானது, உடையக்கூடியது, வெயில் பட்டால் அடுப்பாகிவிடும். உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியாத, உறுதியான பிளாஸ்டிக் சாமான் பெட்டி போதும். நம் 18 சென்டிமீட்டர் ஆமைக்கு அடிப்பகுதி 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் இருந்தால் சரி. அது திரும்பிப் படுக்க இடம் வேண்டும், நடந்து திரிய வேண்டியதில்லை. "பாவம், கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று பெரிய பெட்டி வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் ஆமை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சறுக்கிப் போய் இடித்துக்கொள்வதுதான் அதனால் கிடைக்கும் பலன்.

காற்றுத் துளைகளைப் பக்கச் சுவர்களின் மேல் பாதியில் போடுங்கள். மூடியில் மட்டும் துளையிட்டால், யாராவது அதன்மேல் ஒரு பையை வைத்தவுடன் காற்று அடைபட்டுவிடும். ஆமையின் கண் மட்டத்தில் துளை இருந்தால், வெளிச்சம் தெரியும் இடத்தை நோக்கி அது இடைவிடாமல் சுவரைச் சுரண்டும். ஆகவே துளைகள் அதன் தலைக்கு மேலே இருக்கட்டும். துளைக்கருவியை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் செலுத்துங்கள். அப்போது கூரான பிசிறுகள் வெளியே நிற்கும், கத்தியால் சீவி எடுத்துவிடலாம். பக்கத்துக்கு எட்டுப் பத்துத் துளைகள், ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவில் இருந்தால் போதும்.

அடியில் பழைய துவாலையை இரண்டாக மடித்து, சுவரோடு ஒட்டுமாறு விரியுங்கள். நூல் பிரிந்த துவாலையைத் தவிர்க்க வேண்டும். நகத்தில் நூல் சுற்றிக்கொண்டால் காலுக்கு இரத்தம் போகாது. அதன்மேல் கிழித்த செய்தித்தாளை ஒரு கைப்பிடி போட்டால், ஆமை தலையை அதற்குள் நுழைத்துக்கொண்டு அடங்கிவிடும். மண், மணல், கல், தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ளும் மரக்குடில் எதையும் உள்ளே வைக்காதீர்கள். குலுக்கலில் இவை உருண்டு ஆமையின்மேல் விழும். இரண்டு ஆமைகள் இருந்தால், எவ்வளவு சிநேகமாக இருந்தாலும், இரண்டு பெட்டிகள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இடையிடையே அரை மணி நேரம் பெட்டிக்குள் விட்டுப் பழக்குவது நன்று.

வளர்ந்த சல்கேட்டாவுக்குப் பிளாஸ்டிக் பெட்டி தாங்காது. 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆமை முட்டினால் அது பிளந்துவிடும். பலகைப் பெட்டி செய்து, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

படி 4: உணவைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுங்கள்

புறப்படுவதற்கு முந்தைய நாள் வழக்கமான கீரையில் பாதி கொடுங்கள். புறப்படும் காலையில் ஒன்றும் வேண்டாம். உடல் குளிர்ந்தால் ஆமைக்குச் செரிமானம் நின்றுவிடும், வயிற்றில் கிடக்கும் உணவு நொதித்துப் புளிக்கும். பட்டினி போடுகிறோமே என்று வருந்தத் தேவையில்லை. 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் சோன்ட் 5 விண்கலத்தில் இதே இனத்தைச் சேர்ந்த இரண்டு ஆமைகள் உணவின்றி நிலவைச் சுற்றி வந்து, இந்தியப் பெருங்கடலில் இறங்கின. எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததே தவிர, நன்றாகவே இருந்தன, பசியோடு சாப்பிட்டன. சிகாகோ அவ்வளவு தொலைவில் இல்லை.

தண்ணீர்தான் முக்கியம். வறண்ட நிலத்து ஆமைகள் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைத்திருக்கும்; பயந்தால் அத்தனையையும் ஒரே முறையில் வெளியேற்றிவிடும். எனவே முந்தைய நாள் மாலையிலும் புறப்படும் காலையிலும், கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் உட்கார வையுங்கள். மேல் ஓடும் அடி ஓடும் சேரும் இடம்வரை நீர் நின்றால் போதும். தலையைத் தூக்கிச் சிரமப்படக் கூடாது. பிறகு ஈரம் போகத் துடைத்து, உடனே பெட்டிக்குள் விடுங்கள்.

படி 5: காரில் வைக்கும் இடமும் வெப்பமும்

சாமான் ஏற்றும் டிரக்கிலும், காரின் டிக்கியிலும் ஆமையை ஒருபோதும் வைக்காதீர்கள். முன்னிருக்கைக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் பெட்டியை இறக்கி, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அசையாமல் இறுக்குங்கள். இடம் போதாவிட்டால் பின்னிருக்கையில் வைத்து சீட் பெல்ட்டால் கட்டலாம்; ஆனால் அங்கே ஜன்னல் வெயில் நேரே விழும், திரை போட வேண்டியிருக்கும். சில கார்களில் ஹீட்டரின் சூடான காற்று முன்னிருக்கைக்கு அடியிலிருந்து பின்பக்கம் வரும். பெட்டி வைக்கும் இடத்தில் கையை வைத்து, ஹீட்டரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கம்பியுடன் வரும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி, கம்பியின் நுனியைத் துளை வழியே பெட்டிக்குள் விட்டு, திரையை வெளியே ஒட்டுங்கள். 20 முதல் 27 டிகிரி செல்சியஸ், அதாவது ஃபாரன்ஹீட்டில் 68 முதல் 80, இருந்தால் நிம்மதி. சற்றுக் குளிர்வது ஆமையை மந்தமாக்குமே தவிரக் கொல்லாது, சூடு கொன்றுவிடும். வெளியே 27 டிகிரி இருக்கும் சாதாரண நாளில்கூட, நிறுத்தி மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் வெப்பம் 45ஐத் தொட்டுவிடும். ஆமைக்கு வியர்வை கிடையாது, பெட்டிக்குள் ஒதுங்க நிழலும் கிடையாது. எனவே பெட்ரோல் போட நிறுத்தினாலும் ஒருவர் ஏ.சி.யோடு காரிலேயே இருக்க வேண்டும். தனியாக ஓட்டுபவர் பெட்டியைக் கையோடு தூக்கிச்செல்ல வேண்டும். இதில் மட்டும் சலுகையே கூடாது. கோடையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால், ஓக்லஹோமாவின் நண்பகல் வெயிலுக்கு முன்பே பாதி வழியைக் கடந்துவிடலாம்.

குளிர்காலத்தில் காரை முதலில் சூடாக்கிவிட்டுப் பிறகு பெட்டியைக் கொண்டுவாருங்கள். கடையில் விற்கும் வெப்பப் பைகளைப் பெட்டிக்குள் போடாதீர்கள். அவை தோலைச் சுடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூடியைச் சற்றே திறந்து பாருங்கள். துவாலை நனைந்திருந்தால் மாற்றுங்கள். ஆமை கவிழ்ந்து கிடந்தால் உடனே நிமிர்த்துங்கள்; நுரையீரல் மேல் ஓட்டை ஒட்டியிருப்பதால், கவிழ்ந்தால் மற்ற உறுப்புகள் எல்லாம் அதன்மேல் அழுந்தும். மற்றபடி தூக்க வேண்டாம், நெடுஞ்சாலை ஓய்விடத்துப் புல்லில் மேயவிடவும் வேண்டாம். அங்கே என்ன மருந்து தெளித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

படி 6: இரவுத் தங்கல்

மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு அல்லது அதைத் தாண்டிய ஊர்களில் ஓர் அறை எடுக்கலாம். ஆமை இருப்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் தொட்டியில் மீண்டும் 20 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் குளியல். வெள்ளையாகக் குழைவாக ஏதாவது வெளியேறினால் பயப்பட வேண்டாம், அது இயல்பான கழிவு. அதுவே மணலைப்போல் நறநறவென்று இருந்தால் உடலில் நீர் குறைந்திருக்கிறது; காலையில் இன்னும் சற்று நேரம் நீரில் வையுங்கள். பிறகு காய்ந்த துவாலை போட்ட அதே பெட்டியிலேயே தூங்கட்டும். அறையில் நடக்கவிட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும், விடிகாலையில் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை என்பதால், தொட்டவர் ஒவ்வொருவரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகள் கழுவியதைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

படி 7: புதிய வீட்டில்

அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பு ஆமையின் இருப்பிடத்தை அமையுங்கள். அதற்காகப் புற ஊதா விளக்கு, வெப்ப விளக்கு, பழைய இருப்பிடத்து மண் ஒரு பை ஆகியவற்றை டிரக்கில் ஏற்றாமல் காரிலேயே வைத்திருங்கள். தன் வாடை உள்ள மண் காலடியில் இருந்தால் ஆமை விரைவில் பழகும். விளக்கின் கீழ் 32 முதல் 35 டிகிரியும், மறு முனையில் 22 டிகிரி அளவிலும் வந்த பிறகு, ஒரு குளியல் கொடுத்து உள்ளே விட்டு, அன்று முழுவதும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள்கள் அது சாப்பிடாமல் ஒரு மூலையில் புதைந்து கிடக்கலாம். தினமும் குளிப்பாட்டி, கீரையை வைத்து, தொடாவிட்டால் மாலையில் எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எடை பார்த்து, முன்பு குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, ஒரு வாரம் கடந்தும் சாப்பிடாவிட்டாலோ, கண்கள் குழிந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, புதிய ஊரின் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவருடைய எண்ணைப் புறப்படும் முன்பே எடுத்து வைத்திருப்பது நல்லது. தோட்டத்தில் விடுவதற்கு அவசரம் வேண்டாம். முன்பு அங்கே குடியிருந்தவர் புல்லுக்கு மருந்து அடித்திருந்தால் அதன் வீரியம் போக வேண்டும். ரஷ்ய ஆமை நன்றாகக் குழி தோண்டும் என்பதால், வேலியை மண்ணுக்குள்ளும் ஓர் அடி ஆழம் இறக்கிய பிறகே அதை வெளியே விட வேண்டும்.