ஸ்கேன்ல வயித்துல கட்டின்னு வந்தா என்ன பண்ணணும்

எங்க அக்கா ரிப்போர்ட்ல "மாஸ்"னு ஒரு வார்த்தை இருந்துச்சு, அதப் பாத்துட்டு அன்னிக்கு வீட்ல அடுப்பே பத்த வைக்கல, கடைசில பார்த்தா கர்ப்பப்பை ஃபைப்ராய்டு, அதாவது கேன்சர் இல்லாத சதைக்கட்டி. மாஸ்னா கட்டி, அவ்ளோதான், கேன்சர்னு அர்த்தம் இல்லங்க. ஈரல்ல வர்ற ஹெமாஞ்சியோமா ரத்தக்குழாய் முடிச்சுதான். சினைப்பை டெர்மாய்டு கட்டிக்குள்ள முடி, பல்லுகூட இருக்கும், கேக்கவே பயமா இருக்கும், ஆனா பெரும்பாலும் கேன்சர் இல்ல.

சிங்கப்பூர்ல இருக்கீங்கன்னா மொதல்ல பாலிகிளினிக் (அரசு கிளினிக்) போய் ரெஃபரல் லெட்டர் வாங்குங்க, சிட்டிசன், பிஆர்னா (நிரந்தரவாசி) அப்படிப் போனா ஸ்பெஷலிஸ்ட் கட்டணத்துக்கு சப்ஸிடி கிடைக்கும். பழைய ஸ்கேன் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, கட்டி வளந்திருக்கா அப்படியே இருக்கான்னு டாக்டர் ஒப்பிட்டுப் பாக்க அது ரொம்ப முக்கியம். சினைப்பை கேன்சருக்காகப் பாக்குற சிஏ 125ங்கிற ரத்த டெஸ்ட்ல அளவு அதிகமா வந்தா உடனே அழுதுறாதீங்க, ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ், ஏன் மாசவிலக்கு சமயத்துலகூட அது ஏறும். பயாப்ஸி (கட்டில ஊசி குத்தி துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்றது) வேணுமா எம்ஆர்ஐ ஸ்கேன் போதுமான்னு வாய்விட்டுக் கேளுங்க, ஹெமாஞ்சியோமான்னா ரத்தம் கசியும்னு பொதுவா ஊசி குத்த மாட்டாங்க.

காரணமில்லாம எடை குறையுது, மலத்துல ரத்தம், வயிறு உப்பிட்டே போகுதுன்னா அப்பாயின்ட்மென்ட்ட முன்னாடி மாத்தச் சொல்லிக் கேளுங்க. திடீர்னு தாங்க முடியாத வலி, மயக்கம்னா 995க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.