வளைவது, நெகிழ்வது, இளகுவது, குழைவது: மொரிசியசில் தமிழ் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய சொற்குழப்பங்கள்

மொரிசியசில் இன்று தமிழ் எழுதுகிறவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்து, தமிழை மூதாதையர் மொழிப் பாடமாகக் கற்றவர்கள். ஆகவே வளைந்து கொடுக்கும் பொருளையோ விரும்பிய உருவத்துக்கு வரும் பொருளையோ விவரிக்க நேரும்போது, அவர்கள் மனத்தில் முதலில் எழுவது எளிதில் வளைவதைக் குறிக்கும் சூப்ல் என்னும் பிரெஞ்சுச் சொல்லோ, மென்மையானதைக் குறிக்கும் மூ என்னும் கிரியோல் சொல்லோதான். அதற்கு ஈடு தேடி அகராதியைத் திறந்தால் மென்மையான, நெகிழ்வான, வளையும், இளகிய, குழைந்த, துவண்ட என்று ஒரு வரிசை கிடைக்கிறது. அவ்வரிசையில் எதை எடுத்தாலும் பொருள் ஒன்றே என்று எண்ணுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. மூ என்னும் சொல் தொடுகிற கைக்கு ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. தமிழ்ச் சொற்களில் பல வினையடியாகப் பிறந்தவை. அந்நிலை கைவிசையால் வந்ததா, சூட்டால் வந்ததா, நீரால் வந்ததா, தன் எடையால் வந்ததா என்பதையும், அந்தக் காரணம் நீங்கியபின் பொருள் என்ன ஆகும் என்பதையும் அவை சேர்த்தே உணர்த்துகின்றன.

வளை என்னும் வினையில்தான் மிகுதியான பிழைகளைக் காண்கிறேன். காவடிக்கு வளைவு கட்டுவதைப் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவர், “வளைந்த மூங்கிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்” என்று எழுதினால், கோணலாக வளர்ந்த மூங்கிலைத் தேடச் சொல்கிறார் என்றே தமிழறிந்தவர் கொள்வார். அவர் சொல்ல வந்தது வளையும் மூங்கிலை, அல்லது வளைக்கத்தக்க மூங்கிலை. கட்டி முடித்தபின் காவடியில் இருப்பது வளைத்த மூங்கில் பிளாச்சு. வளையும், வளைந்த, வளைத்த ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவையாயினும், முதலாவது இயல்பையும், இரண்டாவது தானாக வந்த நிலையையும், மூன்றாவது ஒருவர் செய்த செயலையும் குறிக்கின்றன. பிரெஞ்சில் இயல்புக்கு ஒரு சொல்லும் நிலைக்கு வேறொரு சொல்லும் இருப்பதால், தமிழில் ஒரே சொல்லின் ஈறுகள் இந்த வேலையைச் செய்கின்றன என்பது எளிதில் கண்ணில் படுவதில்லை. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்னும் பழமொழி பேசுவதும் வளைந்து கிடக்கும் நிலையைப் பற்றியன்று; வளையும் இயல்பு இருக்கும் பருவத்தைப் பற்றியே.

சூறாவளிக்குப் பிந்திய செய்திகளிலும் இதே கவனம் வேண்டும். இத்தீவில் கரும்பு நிலைபெற்றதற்கு, பல பயிர்களைவிட அது சூறாவளியைத் தாங்குவதும் ஒரு காரணம். காற்றில் கரும்பு வளைந்தது என்றால் மீண்டும் நிமிரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. சாய்ந்தது என்றால் அடியிலிருந்தே படுத்துவிட்டது. ஒடிந்தது என்பது தண்டுக்கும் சிறு கிளைக்கும் உரியது; முறிந்தது என்பது பெருங்கிளைக்கும் எலும்புக்கும் பொருந்தும். இவற்றை மாற்றி எழுதினால் வயலுக்கு நேர்ந்த இழப்பின் அளவே மாறிவிடும்.

நெகிழ்வு என்னும் சொல் இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப்படுகிறது. என் கருத்தில் இது குறைக்கப்பட வேண்டிய பழக்கம். நெகிழ்தலின் பழைய பொருள் இறுக்கம் குறைதல். “தொடியொடு தோள்நெகிழ” என்று திருக்குறள் 1236 சொல்வது, பிரிவுத் துயரால் தோள் மெலிந்து வளையல் கழலும் நிலையை. ஆகவே நெகிழ்ந்த வளையல் என்பது கையில் நில்லாமல் தளர்ந்த வளையலே தவிர, வளைக்கத்தக்க வளையல் அன்று. முடிச்சு நெகிழும், பிடி நெகிழும், ஆடை நெகிழும். பணிநேரம், பாடத்திட்டம் போன்ற கருத்துப் பொருள்களுக்கு நெகிழ்வான என்பது இக்காலத் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டது, அதில் தவறில்லை. ஆனால் கம்பிக்கும் பிரம்புக்கும் வளையும் என்பதே போதும். நெகிழி என்னும் சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. பிளாஸ்டிக்கைக் குறிக்கும் இச்சொல்லைக் கேட்டு, கைக்கு வளைவதெல்லாம் நெகிழி என்று மாணவர் கருதுகின்றனர். தண்ணீர்க் குழாயாகப் பயன்படும் கெட்டியான பிவிசி எளிதில் வளையாது. ஆயினும் செய்யும்போது சூட்டால் இளக்கி உருக்கொடுக்கப்பட்டதால் அதுவும் நெகிழியே. பெயர் குறிப்பது அது உருவான முறையை.

சமையற்கட்டில்தான் இச்சொற்களின் நுட்பம் முழுமையாகத் தெரிகிறது. பருப்புப் பொடியை உள்ளே வைத்துச் சுடும் ரொட்டியான டால்பூரியின் செய்முறையை எழுதுகிறவர் மூ என்பதை நேரே பெயர்த்து “மென்மையான மாவு” என்று எழுதினால், அது நைசாக அரைத்த உலர்மாவு என்று பொருள்படும்; ஏனெனில் தமிழில் மாவு என்பது அரைத்த பொடிக்கும் பிசைந்த உருண்டைக்கும் பொதுவான பெயர். “மாவை இளக்கமாகப் பிசைய வேண்டும்” என்றால் ஐயம் எழாது. உள்ளே வைக்கும் பருப்போ நன்றாக வேக வேண்டும், ஆனால் குழையக் கூடாது. குழைந்துவிட்டால் உலர்ந்த பொடியாக அரைபடாது. குழைதல் என்பது வெந்தோ ஊறியோ தன் வடிவை இழந்து ஒன்றோடொன்று கலத்தல். சோறு குழைந்தால் குறை, பொங்கல் குழைந்தால் சிறப்பு, சந்தனத்தை நாமே குழைக்கிறோம். “மோப்பக் குழையும் அனிச்சம்” என்று குறள் 90 கூறும்போது இச்சொல் வாடுதலைக் குறிக்கிறது. அங்கும் வடிவு இழத்தல் என்ற கருத்து மறையவில்லை.

இளகுதலும் உருகுதலும் வெவ்வேறு. கோடைக்கால வெப்பத்தில் வெளியே வைத்த வெண்ணெய் முதலில் இளகும், பிறகு உருகும். பனிக்கட்டி இளகுவதில்லை, நேரே உருகுகிறது. கண்ணாடிக்குக் குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது. சூடு ஏற ஏற அது மெல்ல இளகிக்கொண்டே செல்வதால்தான் ஊதியும் இழுத்தும் அதற்கு உருவம் தர முடிகிறது. ஆகவே கண்ணாடி செய்யும் தொழிலைப் பற்றி எழுதும்போது இளக்கி என்பதே துல்லியமான சொல்.

துவள்தல், தொய்தல், தளர்தல் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். துவளுதல் தன்னைத் தாங்கும் வலு இல்லாமை. தொய்தல் நடுவில் தாழ்ந்து தொங்குதல். தளர்தல் இறுக்கமோ உறுதியோ குறைதல். நெருப்பில் காட்டிய வாழையிலை வாட்டிய இலை, பறித்து நாளானது வாடிய இலை. முன்னது கிழியாமல் மடியும், பின்னதைப் பந்தியில் போட யாரும் விரும்பமாட்டார்கள். வாடு என்பதற்கு வாட்டு இருப்பது போலத் துவள் என்பதற்குத் துவட்டு என்று எழுதிவிடக் கூடாது; துவட்டுதல் தலையின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தல்.

அறிவியல் பாடத்தில் வழக்குச் சொல்லும் கலைச்சொல்லும் மோதுகின்றன. பிரெஞ்சில் மாலேயாப்ல் என்று படித்ததை நெகிழ்வு என்று எழுதுவது பரவலான பிழை. அச்சொல் குறிப்பது, சுத்தியலால் அடித்தால் உடையாமல் பரவும் தகடாகும் தன்மையை. இழுத்தால் அறாமல் நீள்வது கம்பியாகும் தன்மை. தங்கத்துக்கு இரண்டும் மிகுதி: 1 கிராம் தங்கத்தை ஏறத்தாழ 1 சதுர மீட்டர் தகடாக அடிக்கலாம், 2 கிலோமீட்டர் நீளக் கம்பியாகவும் இழுக்கலாம். ஈயமோ எளிதில் தகடாகும், ஆனால் இழுவிசையைத் தாங்காததால் மெல்லிய கம்பியாக வராது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் ஈயத்தின் இந்த வேறுபாட்டைச் சொல்லவே வழியிருக்காது. விசை நீங்கியதும் பழைய உருவத்துக்குத் திரும்புவது மீட்சி. அதிகம் நீள்வதுதான் அதிக மீட்சி உடையது என்று எண்ணி ரப்பரை முதலில் எழுதுவார்கள். இயற்பியலின் அளவுகோலில், உருமாற்றத்தை வலுவாக எதிர்த்து நிற்கும் எஃகுக்கே மீட்சிக் குணகம் பன்மடங்கு அதிகம்.

மனத்தையும் சட்டத்தையும் பற்றி எழுதும்போது இச்சொற்கள் தீர்ப்பையும் சுமக்கின்றன. உதவி பெற்றவர் மனம் நெகிழ்கிறார். கோபத்தில் இருந்தவர் மனம் இளகுகிறார். தோல்வியில் மனம் தளர்கிறார், துவள்கிறார். பேச்சுவார்த்தையில் ஒருவர் வளைந்து கொடுத்தார் என்பது பாராட்டாகவும் இருக்கலாம், ஆனால் சட்டத்தை வளைத்தார் என்பது எப்போதும் குற்றச்சாட்டே. ஓர் அமைச்சகம் முறையான ஆணையின் வழியே கட்டுப்பாட்டைக் குறைத்திருந்தால், விதி தளர்த்தப்பட்டது என்றே எழுத வேண்டும்.