விலைவாசி நெருக்கும்போது பண்டிகைச் செலவைத் திட்டமிடுவது எப்படி? முதன்முறை கணக்குப் போடுகிறவர்களுக்கான செய்முறை

பண்டிகை எந்தத் தேதியில் வரும் என்பது ஓராண்டுக்கு முன்பே தெரியும். ஆனாலும் பல வீடுகளில் கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான் கணக்கு நோட்டு வெளியே வருகிறது. அதற்குள் வாடகை, கட்டணம், தவணை எல்லாம் போய்விடுகின்றன. வீட்டில் யாரும் ஊதாரியாக மாறிவிடவில்லை. முன்பெல்லாம் பண்டிகைக்கென்று தானாக மிஞ்சிய பணத்தை இப்போது அன்றாடச் செலவே விழுங்கிவிடுகிறது. அதனால் போன ஆண்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் கணக்கு நிச்சயம் உதைக்கும். முதலில் வரம்பு, பிறகுதான் பட்டியல். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே போகின்றன.

தேவையானவை: ஒரு நோட்டு, பேனா, கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், கிடைக்கிற பழைய பில்கள். வீட்டில் சம்பாதிப்பவரும் செலவைக் கவனிப்பவரும் சேர்ந்து உட்காருவது அவசியம். இங்கே வரும் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டுமே.

படி 1: உங்கள் வீட்டின் விலையேற்றத்தைக் கண்டுபிடியுங்கள்

செய்தியில் வரும் பணவீக்க விகிதம் நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எழுதினார். உணவுப் பொருள்களின் விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறும் காலத்தில், எளிய குடும்பத்தின் மீது விழும் அடி அரசு சொல்லும் சராசரியைவிடப் பலமாக இருப்பது இதனால்தான்.

மாதந்தோறும் தவறாமல் வாங்கும் பத்துப் பன்னிரண்டு பொருள்களை எழுதுங்கள். அதே அளவுக்குப் போன ஆண்டு இதே மாதம் என்ன செலவானது, இப்போது என்ன ஆகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். போன ஆண்டு 8,000, இப்போது 9,200 என்றால் கூடுதல் 1,200. அதை 8,000ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 15 சதவீதம். இதே காலத்தில் சம்பளம் 20,000இலிருந்து 21,000 ஆகியிருந்தால் உயர்வு 5 சதவீதம்தான். சம்பளம் 1,000 கூடியது, மளிகை மட்டுமே 1,200 கூடியது. பண்டிகை என்ற பேச்சே எழாத சாதாரண மாதத்திலேயே 200 துண்டு விழுகிறது.

விலை மாறாத பொருளையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 500 கிராம் சலவைத்தூள் பாக்கெட் அதே விலையில் 450 கிராமாகிவிட்டால், கிராம் கணக்கில் விலை சுமார் 11 சதவீதம் ஏறியிருக்கிறது. பில்லில் இது தெரியாது. அதனால் மொத்த விலையை எடையால் வகுத்தே ஒப்பிட வேண்டும்.

“பணவீக்கம் குறைந்தது” என்ற செய்தியைப் பார்த்து, விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். 100க்கு விற்ற பொருள் ஓராண்டில் 10 சதவீதம் ஏறி 110 ஆகிறது. அடுத்த ஆண்டு 3 சதவீதமே ஏறினாலும் 113ஐத் தாண்டுகிறது. குறைந்தது ஏறும் வேகம் மட்டுமே.

படி 2: மூன்று மாதங்களைச் சேர்த்து வரம்பு போடுங்கள்

பண்டிகை மாதத்தை மட்டும் தனியாகப் பார்ப்பதால்தான் பல குடும்பங்கள் அதற்கடுத்த மாதம் கைமாற்று வாங்க நேர்கிறது. அதற்கு முந்தைய மாதம், பண்டிகை மாதம், அடுத்த மாதம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றிலும் மேலே வருமானம். கீழே தவிர்க்கவே முடியாதவை: வாடகை, உணவு, மருந்து, போக்குவரத்து, மின்கட்டணம், படிப்புச் செலவு, கடன் தவணை.

முதல் மாதம் 2,800 மிஞ்சுகிறது, பண்டிகை மாதம் 3,500 மிஞ்சுகிறது, அடுத்த மாதம் படிப்புக் கட்டணத்தால் 1,500 பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டை மட்டும் கூட்டினால் 6,300 இருப்பதுபோலத் தோன்றும். உண்மையான வரம்பு 4,800தான். அதிலும் ஒரு 500ஐ எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிவிட்டு, 4,300க்குள் பட்டியல் போடுங்கள்.

பண்டிகையை முன்னிட்டுச் சம்பளம் ஒரு வாரம் முன்னதாகவே வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது அடுத்த மாதச் செலவுக்கான பணம். அடுத்த சம்பளம் வழக்கமான நாளில்தான் வரும் என்பதால், 30 நாள் ஓட்ட வேண்டிய பணத்தில் 37 நாள் ஓட்ட வேண்டியிருக்கும். போனஸையும் கணக்கில் ஏறிய பிறகே வரவில் எழுதுங்கள்.

படி 3: இப்போது பட்டியல்

எல்லோரையும் கேட்டு எழுதுங்கள். சிறிய தொகைகள்தான் கையைக் கடிப்பவை. பொதி கட்டும் செலவு, அனுப்பும் கட்டணம், விருந்தினர் தங்கும் நாள்களில் கூடும் மின்சாரமும் எரிவாயுவும், ஊருக்குப் போய்வரும் டிக்கெட் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். நாள் நெருங்க நெருங்க டிக்கெட் விலை ஏறலாம் என்பதால், பயணம் உறுதியென்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

பட்டியல் வரம்பைத் தாண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் ஒன்றுமே நிறைவாக இருக்காது. “இது இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை” என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் தோன்றும் ஒன்றைக் கேட்டு, அவற்றை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் சிலவற்றை முழுதாக அடித்துவிடுங்கள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் வாங்கிக்கொள்ளும் பரிசுகள் முதலில் போகலாம். யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படாதவை அவைதான்.

வீட்டு வேலைக்கு உதவுபவருக்கும் காவலாளிக்கும் தரும் தொகையில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். நம்மை நெருக்கும் அதே விலைவாசி அவர்களை இன்னும் கூடுதலாக நெருக்குகிறது.

படி 4: தள்ளுபடியை இன்றைய விலையோடு ஒப்பிடுங்கள்

வாங்கப்போகும் பொருள்களின் விலையை இன்றே தேதியிட்டு நோட்டில் குறியுங்கள். 1,000க்கு விற்ற பொருளின் விலையை 1,500 என்று எழுதி 30 சதவீதம் குறைத்தால் 1,050 வருகிறது. தள்ளுபடி போகவும் 50 அதிகம். குறிப்பு கையில் இருந்தால் இதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம்.

படி 5: கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

கொண்டாட்டத்துக்குக் கடன் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆனாலும் நெருக்கடி வருகிறது. அப்போது “12 சதவீதம்தான்” என்ற சொல்லோடு நின்றுவிடாமல், “நிலையான வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா?” என்று கேளுங்கள். முதலாவதில் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி; இரண்டாவதில் அடைத்தது போக மீதிக்கு மட்டும் வட்டி.

12,000 கடன், நிலையான வட்டி 12 சதவீதம், 12 தவணை. வட்டி 1,440. மாதத் தவணை 1,120. ஆறு மாதத்தில் கடனில் பாதியை அடைத்திருப்பீர்கள். ஆனால் வட்டி கடைசிவரை முழு 12,000க்கே போடப்படுகிறது. குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21 சதவீத வட்டி. கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கென்று கட்டணம் பிடித்தால் இன்னும் கூடும். “வட்டியில்லாத் தவணை” என்றாலும் அந்தக் கட்டணம் உண்டா, ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணத்திலிருந்து தப்பலாம். மீதித் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலிகளின் பக்கமே போகாதீர்கள். தவணை தவறினால் அந்த எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே உள்ள தவணையைக் கட்ட முடியாது என்று தோன்றினால், கெடு தேதிக்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். தவறிய பிறகு பேசுவதைவிட அப்போது வழி கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

படி 6: வாய்விட்டுச் சொல்லுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். நோட்டில் கணக்கு சரியாக இருந்தும், “என்ன நினைப்பார்களோ” என்ற கூச்சத்தில் கடைசி நேரத்தில் கடன் வாங்குபவர்கள் ஏராளம்.

குழந்தைகளிடம் “பணமே இல்லை” என்று சொன்னால் பயந்துவிடுவார்கள். “இந்த முறை உனக்கு இவ்வளவு வைத்திருக்கிறோம், இதில் என்ன வாங்கலாம் என்று நீயே முடிவு செய்” என்று சொல்லிப் பாருங்கள். தொகையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும் பிள்ளை, கடையில் பெரியவர்களைவிடக் கவனமாக விலை பார்க்கும்.

உறவினரிடம் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: “அக்கா, எல்லாம் விலை ஏறிக் கிடக்கிறது. இந்த முறை பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குவோம், நமக்குள் வேண்டாமே.” மறுமுனையில் இருப்பவரும் இதே கணக்கோடு மல்லாடிக்கொண்டிருக்கலாம். யாராவது ஒருவர் முதலில் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் பாரம் குறையும். ஆனால் இதைப் பரிசுகளை வாங்கி முடிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும், குறைந்தது ஒரு மாதம் முன்னதாக.

படி 7: பண்டிகை முடிந்த வாரமே அடுத்ததைத் தொடங்குங்கள்

உண்மையில் எவ்வளவு செலவானது என்று நோட்டில் எழுதுங்கள். அதோடு படி 1இல் கண்ட உங்கள் வீட்டு விலையேற்றத்தைக் கூட்டுங்கள். 4,800 செலவு, 15 சதவீதம் கூடுதல் என்றால் 5,520. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 460. சம்பளம் வரும் நாளிலேயே இதை அன்றாடம் புழங்காத வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 460 முடியாத குடும்பம் 200 போடட்டும். அடுத்த முறை கடன் வாங்க நேர்ந்தாலும் 2,400 குறைவாக வாங்கினால் போதும்.