பூனை வளரும் வீட்டுக்குச் செற்றி வாங்கும்போது விடும் பிழைகள்

தளபாடக் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கைப்பிடி, முதுகு, அடிப்பக்கம் என்று முழுவதும் நுரைப்பஞ்சு வைத்துத் துணி இழுத்து அடித்த பெரிய சோபா செட்தான். பூனை உள்ள வீட்டில் முதற்பிழை அதை வாங்குவது.

பூனை நித்திரை விட்டு எழும்பியதும் உடம்பை நீட்டி முறிக்கும். எட்டிப் பிடிக்க உயரமாக, இழுத்தாலும் அசையாததாக ஒன்றைத் தேடும். சோபாக் கைப்பிடியின் முன்மூலை அதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். விறாண்டும்போது நகத்தின் பழைய மேலோடு கழன்று விழுகிறது. பாதத்துச் சுரப்பிகளின் வாசமும் அந்த இடத்தில் படிகிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப அதே மூலைக்கு வருகிறது. ஏசினாலும் அடித்தாலும் நிற்காது, ஆள் இல்லாத நேரம் பார்த்து விறாண்டும்.

மூலைத்துணி கிழிந்தால் அந்த மூலையை மட்டும் மாற்ற முடியாது. துணியைப் பிடிக்க அடித்த கம்பிகளைக் கழற்றி ஒரு பக்கம் முழுவதையும் உரிக்க வேண்டும். வாவிக்கரை, கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு அந்தக் கம்பிகள் துருப்பிடித்திருக்கும். கழற்றும்போது முறியும், துருக்கறை துணியில் இறங்கும்.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் பழகிப்போன மரச்செற்றிதான் இதற்குச் சரியான விடை. தேக்கு, முதிரை போன்ற மரச்சட்டம், மேலே தனித்தனிக் குஷன். மெருகு போட்ட வைரமரத்தில் நகம் எளிதில் பிடிக்காது. கிழிந்தால் ஒரு குஷன் உறை, அவ்வளவுதான். பழைய மாடல் என்று கழித்துவிட்டவர்கள் பூனை வந்த பிறகு அதைத்தான் தேடுகிறார்கள்.

துணியை முகம் பார்த்து எடுப்பது அடுத்த பிழை. பார்க்க வேண்டியது நெசவை. நூல் வளையம் வளையமாக மேலே தெரியும் துணி, சாக்குப் போன்ற முரட்டு நெசவு, தடித்த நூலும் மெல்லிய நூலும் கலந்த துணி மூன்றிலும் நகம் கொளுவும். கொளுவிய நகத்தைப் பூனை இழுத்தே எடுக்கும். ஒரு நூல் உருவினால் கோடு முழுவதும் சுருங்கிவிடும். மைக்ரோபைபரும் மயிர் கத்தரித்த வெல்வெட்டும் இதில் நல்லவை. வளையம் இல்லாததால் நகம் இறங்கினாலும் கொளுவாமல் வெளியே வந்துவிடும். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். ஊசிமுனையைச் சாய்த்துப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், நூல் எழும்பினால் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தாலும் வேண்டாம்.

அம்பாறை மாவட்டத்து மருதமுனைக் கைத்தறியில் குஷன் உறை தைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. நெருக்கமாக நெய்ததென்றால் தைக்கலாம். தளர்வான நெசவென்றால் அதை விரிப்பாகப் போட்டு, கிழமைக்கொருமுறை தோய்ப்பது நல்லது. எந்தப் பருத்தித் துணியையும் வெட்டுமுன் ஒரு இரவு ஊறவைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பில் சுருங்கி, குஷன் உள்ளே போகாது.

ரெக்சின் துடைக்கச் சுகம் என்பது உண்மை. ஆனால் நகம் பட்ட ஓட்டை மூடாது, அங்கிருந்தே கிழிசல் நீளும். மலிவான ரெக்சின் எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் சில வருடத்தில் தானாகவே செதில் செதிலாக உரியும். அசல் தோலிலும் கீறல் நிற்கும். ரெக்சினுக்கு வேறொரு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறோம்.

நகத்தைவிடப் பெரிய செலவு வைப்பது மூத்திரம். பூனை மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் பஞ்சுக்குள் பளிங்காகப் படிந்துவிடும்; வெறும் தண்ணீருக்கும் சவர்க்காரத்துக்கும் இலகுவில் கரையாது. வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் மணமே இல்லாமல் இருக்கும் குஷன் மாரியில் திரும்ப நாறுவது இதனால்தான்: காற்றில் ஈரம் ஏறியதும் மணம் மீண்டும் எழும்புகிறது. அந்த மணத்தைப் பிடித்துப் பூனையும் அதே இடத்துக்கு வரும். 4 அங்குலப் பஞ்சு மாரியில் நனைந்தால் நாட்கணக்கில் காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். கடும் வெயிலில் காயப்போட்டால் பஞ்சு மஞ்சளாகி உதிரத் தொடங்கும். காற்றோட்டமான நிழல்தான் சரி.

ஆகவே பஞ்சுக்கு இரண்டு உறை தைப்பியுங்கள். உள்ளுறை மெல்லிய ரெக்சின் அல்லது மழைக்கோட்டுத் துணி. வெளியுறை உங்களுக்குப் பிடித்தது. உள்ளுறையின் தையல் மேல்முகத்தில் வரக்கூடாது, ஊசி போன ஓட்டை வழியே கசியும். பின்பக்கக் கீழ்விளிம்பில் வரட்டும். காற்று வெளியேற அங்கேயே சிறிது இடைவெளியும் விடவேண்டும், இல்லாவிட்டால் மேலே உட்காரும்போது குஷன் பலூன் மாதிரி உப்பும். வெளியுறையின் சிப் பின்பக்கம் முழுவதும் ஓடி, இரு பக்கமும் 3 அங்குலம் திரும்ப வேண்டும். நடுவில் மட்டும் சிப் வைத்தால் கழற்றி மாட்டும் சிரமத்தில் ஒருவரும் தோய்க்க மாட்டார்கள்.

22 அங்குலச் சதுரம், 4 அங்குலத் தடிப்புள்ள ஒரு குஷனுக்கு 54 அங்குல அகலத் துணியில் ஒரு யார் (3 அடி) போதும். மூன்று பேர் செற்றி ஒன்றும் ஒற்றைக் கதிரை இரண்டும் என்றால், முதுகுக் குஷனும் அதே அளவானால் மொத்தம் 10 குஷன், 10 யார். அதே ரோலில் இன்னும் 2 யார் சேர்த்து வாங்கி வையுங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.

பூனை மூத்திரம் பெய்தால் தேய்க்கக் கூடாது. உறையை உடனே கழற்றி, பழந்துணியால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நொதியம் (என்சைம்) கலந்த செல்லப்பிராணிச் சுத்திகரிப்பானைப் போத்தலில் சொன்ன நேரம்வரை ஊறவிடுங்கள். அமோனியா உள்ள திரவம் பூனைக்கு மூத்திர மணமாகவே படும். குளோரின் திரவத்தை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் நச்சுவாயு வரும். தண்ணீரில் வெள்ளையாகக் கலங்கும் பினாயில் வகையும் பூச்சி உருண்டையும் பூனைக்கு நஞ்சு. செற்றி இடுக்கில் பூச்சி உருண்டை போட்டுப் பூனையை விரட்டும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும்.

நலம் தட்டாத (விதை நீக்காத) கடுவன் இருந்தால் எந்தத் துணியும் தாங்காது. அது வாலை உயர்த்திச் செற்றியின் பின்பக்கத்தில் பீச்சும். மிருக வைத்தியரிடம் நலம் தட்டிய பிறகு பெரும்பாலான கடுவன்கள் இதை விட்டுவிடும். செற்றிக்குக் காசு கொடுக்குமுன் முடிக்க வேண்டிய வேலை இது.

வாங்குமுன் செற்றியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. அடியில் மெல்லிய கறுப்புத் துணி அடித்திருந்தால் பூனை அதைக் கிழித்து உள்ளே ஏறிப் படுக்கும், குட்டியும் போடும். அதற்குப் பதில் ஒட்டுப்பலகை அடிப்பியுங்கள். அல்லது அடி திறந்ததாக, தும்புத்தடி நுழையும் உயரத்துக்குக் கால்கள் இருக்கட்டும். தெள்ளின் முட்டையும் மயிரும் சேரும் இடம் அந்த அடிப்பக்கம்தான். சாய்ந்து நீளும் கதிரை வேண்டவே வேண்டாம். உள்ளே படுத்திருக்கும் குட்டி இரும்புப் பொறியில் நசிந்துவிடும்.

குஞ்சம், தொங்கும் நூல், பொத்தான் வேண்டாம். பூனை விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகும். நிறத்தைப் பூனையின் மயிருக்குக் கிட்டத்தட்டத் தெரிவு செய்தால் பாதித் துடைப்பு மிச்சம்.

விறாண்ட ஒன்றுமே வைக்காமல் செற்றியை மட்டும் காப்பாற்ற முடியாது. 4 அங்குல விட்டமுள்ள மரக்குற்றி, 3 அடி உயரம், அடியில் 18 அங்குலச் சதுரப் பலகை. தார், எண்ணெய் பூசாத 10 மில்லிமீற்றர் தும்புக்கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்ற ஏறக்குறைய 32 மீற்றர் போகும். கயிற்று நுனிகளை ஆணி அடித்து, தலையை உள்ளே இறக்கிவிடுங்கள். ஆடினால் பூனை கிட்டவும் வராது. குசினி மூலையில் ஒதுக்காமல் அது விறாண்டும் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பழகிய பிறகு நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நகர்த்தலாம். புதுச் செற்றி வந்த அன்றே பழையதை வீசாமல், அதன் கிழிந்த துணியில் ஒரு துண்டை வெட்டிக் குற்றியில் கட்டினால் தன் வாசம் பிடித்து அங்கே போகும்.